மதிப்பெண்ணோடு பள்ளியையும் பாருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி வட்டாரத்து வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "கட்-ஆஃப் எவ்வளவு?" கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, ஆக 200. பொறியியல் கலந்தாய்வில் ஒரே கட்-ஆஃபில் பலர் வந்தால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று வரிசையாகப் பார்த்துப் பிறந்த தேதி வரை போகிறார்கள். அதிலும் சமமென்றால் ரேண்டம் எண்தான் முடிவு. இத்தனையும் பார்க்கும் பொதுத் தரவரிசை, அந்தப் பிள்ளை படித்த பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியர் இருந்தாரா என்று மட்டும் பார்ப்பதில்லை.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பள்ளித் தேர்வே அடிப்படையாக இருக்க வேண்டும், நுழைவுத் தேர்வு கூடாது என்பதில் நமக்கு ஐயமே இல்லை. ஆனால் மதிப்பெண் ஒன்றே போதும், வேறெதையும் பார்க்க வேண்டாம் என்ற வாதத்தை ஏற்க முடியாது.

நுழைவுத் தேர்வை எதிர்க்கும் காரணம் தமிழ்நாட்டின் பட்டறிவிலேயே இருக்கிறது. நேர்முகத் தேர்வில் சிபாரிசு புகுந்துவிட்டது என்ற புகாருக்கு மருந்தாகத்தான் 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது நகரத்துப் பயிற்சி மையங்களின் கைக்குப் போனது. அனந்தகிருஷ்ணன் குழுவின் அறிக்கையை அடுத்து 2006-இல் சட்டம் இயற்றி, 2007 சேர்க்கையிலிருந்து அதை ஒழித்தோம். பத்தே ஆண்டுகளில் நீட் அதை மருத்துவத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது. விளைவை ஏ.கே. ராஜன் குழு கணக்கிட்டுச் சொன்னது: எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்துத் திரும்ப முயன்றவர்கள் 2016-17-இல் சுமார் 12 விழுக்காடு, 2020-21-இல் சுமார் 71 விழுக்காடு. ஓராண்டு, ஈராண்டு வீட்டில் உட்கார்ந்து பணம் கட்டிப் பயிற்சி பெற முடிந்தவர்களுக்கே இடம் என்றாகிவிட்டது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக இருக்கும் தகப்பனால் பிள்ளையை அப்படி உட்கார வைக்க முடியுமா? பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகள் நிறைந்த வட்டாரம் இது.

ஆனால் நீட்டை எதிர்ப்பவர்கள் சொல்லத் தயங்கும் இன்னோர் உண்மையும் உண்டு. நீட் இல்லாத காலத்தில், பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே வழி திறந்த காலத்தில், அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்கள் எத்தனை பேர்? மாநிலம் முழுவதற்கும் ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். பிளஸ் ஒன் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகள் இடங்களை அள்ளிக்கொண்டன. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறையும் என்பது சரி. பழைய உருப்போடும் தொழில் மறுபடி தலைதூக்காமல் பார்ப்பது யார் பொறுப்பு என்பதற்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவைத் திறந்தது 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலும் சேர்த்து நானூறு பேர் அளவில் உள்ளே போனார்கள். அவர்களும் நீட் எழுதித் தேறியவர்கள்தான். மாறியது ஒன்றே: அவர்களை யாரோடு ஒப்பிடுவது என்பது. அடுத்த ஆண்டு இது பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கும் நீண்டது. மதிப்பெண்ணை அது பிறந்த இடத்தோடு சேர்த்துப் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இருந்தும் இந்த வட்டாரத்தில் அதன் ஓட்டைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது விதி. கொரோனா ஊரடங்கில் வேலை போன தொழிலாளி, கட்டணம் கட்ட வழியின்றிச் சின்னத் தனியார் பள்ளியிலிருந்து பிள்ளையை எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றியிருந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்த இடம் இல்லை. வறுமை வந்த பிறகுதான் அரசுப் பள்ளிக்கு வந்தாய், ஆகவே நீ ஏழை இல்லை என்று சொல்வது போலிருக்கிறது இது. அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் மீனவர் பிள்ளைக்கும் இல்லை. மாவட்டத்துக்கு ஒன்றாக வந்திருக்கும் அரசு மாதிரிப் பள்ளிகளில், தேர்ந்தெடுக்கப்பட்டு, விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவரும், எல்லைப்புறக் கிராமத்துப் பள்ளியின் இருளர் வீட்டு மாணவியும் அதே 7.5-க்குள் மோத வேண்டியிருக்கிறது.

மிக்ஜாம் புயலை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் பொன்னேரி, பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர். புத்தகப் பை நனைந்தது, அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. மார்ச் பொதுத்தேர்வு மட்டும் எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே வினாத்தாளோடு வந்தது. அந்த ஆண்டு பொன்னேரிப் பிள்ளை எடுத்த 160-ஐயும் கோவைப் பிள்ளை எடுத்த 160-ஐயும் ஒரே எண்ணாகத்தான் கணினி படித்தது.

நாம் கேட்பது இதுதான். அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஒரு பங்கு இடத்தை, அந்தந்தப் பள்ளிக்குள் மாணவர் பெற்ற தரவரிசையை வைத்து நிரப்புங்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997-இல் இதற்குச் சட்டமே போட்டது: எந்த ஊர்ப் பள்ளியானாலும் முதல் பத்து விழுக்காட்டில் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம். இந்தச் சலுகைக்காக வசதியானவர்கள் பிள்ளையைக் கிராமத்துப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மூன்று நான்கு ஆண்டு அங்கேயே படித்திருக்க வேண்டும் என்று விதி வைத்தால் போதும். அதன் பிறகும் வசதியானவர்கள் வந்தால் நல்லதே. ஆசிரியர் பணியிடம் ஏன் காலி என்று கலெக்டரிடம் போய்க் கேட்க அவர்களும் இருப்பார்கள்.

மதிப்பெண்ணோடு வேறொன்றைச் சேர்ப்பது ஆபத்து என்ற அச்சம் தமிழருக்கு இயல்பானது. 1971-இல் இலங்கையில் வந்த தரப்படுத்தல், தமிழில் தேர்வெழுதியவர்களிடம் சிங்களத்தில் எழுதியவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் கேட்டது. அந்தக் காயம் ஒரு தலைமுறையையே போராட்டத்துக்குத் தள்ளியது. அங்கே அளவுகோல் மொழியாக இருந்தது, அதனால் அது அநீதி. இன்று அதே நாட்டில் பெரும்பாலான படிப்புகளில் 40 விழுக்காடு இடம் தீவு முழுவதற்குமான தரவரிசைக்கு, 55 விழுக்காடு மாவட்டங்களுக்கு, 5 விழுக்காடு கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இருக்கின்றன. எதை அளவாக எடுக்கிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

குறைந்த கட்-ஆஃபில் வருபவர் கல்லூரியில் தடுமாறுவார் என்பார்கள். முதல் பருவத்தில் தடுமாறுவார்தான், குறிப்பாகத் தமிழ்வழியில் படித்தவர். அதற்குக் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் சொல்லித்தர வேண்டும். வாசலிலேயே திருப்பி அனுப்புவது தீர்வல்ல.

7.5 ஒதுக்கீடு செல்லும் என்று 2022-இல் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், ஐந்தாண்டுகளில் அதை மறுஆய்வு செய்யவும் அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்தவும் சொன்னது. அந்த மறுஆய்வை வெறும் நீட்டிப்பாக முடித்துவிடக் கூடாது. உதவி பெறும் பள்ளிகளைச் சேர்ப்பது, ஆறாம் வகுப்பு விதியைத் தளர்த்துவது, மாதிரிப் பள்ளிகளுக்குத் தனிக் கணக்கு வைப்பது ஆகிய மூன்றையும் அதிலேயே முடிக்க வேண்டும். பள்ளிவாரி இடங்களை அண்ணா பல்கலைக்கழகம் தன் கிண்டி வளாகத்தில் தொடங்கட்டும். திருவள்ளூர் மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளிகளில் காலியாக உள்ள முதுகலை ஆசிரியர் பணியிடங்களை ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பே நிரப்ப வேண்டியது கல்வித் துறையின் கடமை.