உயிர்த்தெழுதலின் காலத்தில் பிறந்த பிள்ளைக்கு என்ன பெயர்?

வேதபகுதி: யோவான் 20:11–18



ஈஸ்டரையொட்டிப் பிறக்கும் பிள்ளைக்கு அந்த நாளின் மகிழ்ச்சியைச் சொல்லும் பெயரை இட வேண்டும் என்று பெற்றோர் விரும்புகிறார்கள். அது நல்ல விருப்பமே. ஆயினும், அது போய்ச் சேரும் இடங்களைக் கண்டு மௌனமாயிருக்க என்னால் இயலவில்லை. ஒருவர் கைபேசியில் பெயர்ப் பட்டியலைத் திறந்து, தாம் கண்டேயிராத குளிர்நாட்டுப் பூவின் பெயரைத் தெரிந்தெடுக்கிறார். இன்னொருவர், ஓசை புதிதாயிருந்தால் போதும், பொருள் எதற்கு என்கிறார். வேறொருவர், வேதத்திலிருந்து எடுத்த பெயரையே எண்கணிதக்காரரிடம் கொண்டுபோய், கூட்டுத்தொகை எட்டு வருகிறதென்று ஆங்கில எழுத்து ஒன்றைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறார்.

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மரணத்தை ஜெயித்தவரை ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிற நாம், எட்டாம் எண்ணுக்கு அஞ்சலாமா? நம் ஆண்டவருக்கு இயேசு என்று பேரிட்டதே எட்டாம் நாளில்தான் (லூக்கா 2:21). ஆதித் திருச்சபை அவர் உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கிழமையை ‘எட்டாம் நாள்’ என்று போற்றியது. பழைய ஞானஸ்நான மண்டபங்கள் பலவற்றை எட்டுப் பக்கங்களோடு கட்டியது. நம் முன்னோர் புதுவாழ்வின் அடையாளமாகக் கொண்ட எண்ணை நாம் தீங்கின் அடையாளமாக எண்ணுகிறோம். இதை அறியாத பழக்கம் என்று நான் தட்டிக்கழிக்க மாட்டேன். இது அவிசுவாசம்.

அடுத்து, வசந்தத்தைத் தேடி ஏன் தூரதேசம் போகிறீர்கள்? மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரையுள்ள நாட்களில் ஈஸ்டர் வருகிறது. நமக்கு அது பங்குனியும் சித்திரையும். அப்பொழுது நம் தெருவில் வேம்பு பூக்கிறது, புங்கமரம் தளிர்க்கிறது, சரக்கொன்றை பொன்னாய்த் தொங்குகிறது. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட ஆபிப் மாதமும் பச்சைக் கதிரால் பெயர்பெற்ற மாதமே. அறுப்பின் முதல் கதிர்க்கட்டைக் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டிய அந்தப் பண்டிகையை மனதில் வைத்தே, பவுல் கிறிஸ்துவை முதற்பலன் என்கிறார். வேதத்தின் வசந்தம் வெறும் அழகைப் பற்றியதன்று. புதைக்கப்பட்டது எழும்பும் என்ற நம்பிக்கையைப் பற்றியது. ஏசாயா ஈசாயின் அடிமரத்திலே கண்டது ஒரு துளிரை. ‘துளிர்’ என்று உங்கள் மகளுக்குப் பேரிட்டால், அவளை ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் ஒரு தீர்க்கதரிசனத்தை உச்சரிக்கிறீர்கள்.

“அது கிறிஸ்தவப் பெயரா, ஐயா?” என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பொல்லோ என்ற பெயர் கிரேக்கர் வணங்கிய அப்போலோ என்னும் தேவனின் பெயரிலிருந்து வந்தது; அந்தப் பெயரோடேயே அவர் எபேசுவில் கிறிஸ்துவைப் பிரசங்கித்தார். இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற பின்பும் கிருஷ்ணபிள்ளையாகவே அறியப்பட்டார். பெயரை மொழி பரிசுத்தமாக்குவதில்லை. அதைத் தரிக்கிறவரை அழைத்த ஆண்டவர் பரிசுத்தமாக்குகிறார்.

உயிர்த்தெழுதலின் பெயர்கள் நம்மிடம் இல்லாமலும் இல்லை. 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டபிள்ளைக்கு லாசரு என்னும் பெயர் தமிழில் தேவசகாயம் என்று வழங்கலாயிற்று. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. 1752-இல் அவர் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார். பழைய பெயர் என்று நீங்கள் ஒதுக்கும் தேவசகாயம், நான்கு நாள் கல்லறையிலிருந்து வெளியே வந்தவனின் பெயர்! ரோதையையும் நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயருக்கு ரோஜா என்று பொருள். பஸ்கா காலத்தில் சிறையிலிருந்து விடுதலையான பேதுரு கதவைத் தட்டியபோது, சந்தோஷத்தினால் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடிய பெண் அவள். வீட்டார் அவளை நம்பவில்லை. கல்லறையிலிருந்து செய்தி கொண்டுவந்த ஸ்திரீகளையும் சீஷர்கள் நம்பவில்லை அல்லவா? வசந்தமும் ஈஸ்டரும் ஒரே பெயரில் வேண்டுமானால், இதைவிட என்ன வேண்டும்?

அந்நிய மொழிப் பெயரே ஆகாது என்று நான் சொல்லவில்லை. அனஸ்தாசியா என்றால் உயிர்த்தெழுதல். அதை அறிந்து இடுகிறவர் தாராளமாய் இடட்டும். ஆனால் பெயரை முடிவுசெய்யுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். என் பிள்ளை வளர்ந்து, ‘எனக்கு ஏன் இந்தப் பெயர்?’ என்று கேட்டால், ஆண்டவர் செய்த ஒரு காரியத்தை என்னால் பதிலாகச் சொல்ல முடியுமா? வீட்டிலுள்ள பாட்டியின் நாவு இந்தப் பெயரைத் தடுமாறாமல் அழைக்குமா?

பிரியமானவர்களே, முதல் ஈஸ்டரின் காலையில் ஒரு தோட்டம் இருந்தது. மகதலேனா மரியாள் அங்கே இயேசுவைக் கண்டும் அவரென்று அறியாமல், தோட்டக்காரர் என்று எண்ணினாள். திறந்த கல்லறையும் வெண்வஸ்திரம் தரித்த தூதர்களும் அவள் அழுகையை நிறுத்தவில்லை. அவர் அவளைப் பேர்சொல்லி அழைத்தார், அப்பொழுதே அறிந்துகொண்டாள். உயிர்த்தெழுந்தவர் அவளிடத்தில் உச்சரித்த ஒரு பெயர் அத்தனையும் செய்தது. உங்கள் பிள்ளையையும் ஒருநாள் அவர் அழைப்பார். அவர் வாயில் ஒலிக்கப்போகும் பெயரை எண்கணிதக்காரரிடமா கேட்பீர்கள்?

ஜெபம்: எங்களைப் பேர்சொல்லி அழைத்த ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் இடும் பெயர்களில் பயமல்ல, உமது ஜீவன் விளங்கச் செய்யும். ஆமென்.