விலையுயர்ந்த தூசு உறிஞ்சி எல்லார் வீட்டுக்கும் வருமா?

கிள்ளானில் இருந்த எங்கள் பெரியம்மா வீட்டுச் சாமான் அறையில் ஒரு தூசு உறிஞ்சி பல ஆண்டுகள் மூலையில் நின்றது. அது வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கம்; நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விடுமுறைக்கு அங்கே போயிருந்தபோது, வீடு வீடாக ஏறி இறங்கும் விற்பனையாளர் ஒருவர் வந்தார். இயந்திரத்தின் வாயில் ஒரு கறுப்புத் துணியைப் பொருத்தி, படுக்கை மெத்தையின்மேல் ஓட்டினார். பிறகு துணியை எடுத்து விரித்துக் காட்டினார். கறுப்புத் துணியில் வெள்ளையாகத் தூசு படிந்திருந்தது. பெரியம்மாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. “இதன்மேலா பிள்ளைகள் படுக்கிறார்கள்?” என்று அவர் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே வியாபாரம் முடிந்துவிட்டது.

பெரியப்பா லாரி ஓட்டுநர். 24 மாதத் தவணைக்குக் கையெழுத்திட்டார். முதல் சில மாதங்கள் வாரந்தோறும் வீட்டில் இயந்திரம் உறுமியது. பின்னர், தூசு சேரும் காகிதப் பைகள் தீர்ந்துவிட்டன. அந்த அளவுப் பை பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. வாங்க வேண்டுமென்றால் கோலாலம்பூருக்குப் போக வேண்டும். பெரியம்மா மறுபடியும் விளக்குமாற்றைக் கையில் எடுத்தார். தவணை முடிவதற்கு முன்பே இயந்திரம் ஓய்வு பெற்றுவிட்டது.

இன்று பேரங்காடிகளில் டைசன் நிறுவனத்தின் கடைகளைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாமான் அறை நினைவுக்கு வருகிறது. கடையின் தரையில் மாவையும் தானியத்தையும் தூவி, கம்பி இல்லாத தூசு உறிஞ்சியால் உறிஞ்சிக் காட்டுகிறார்கள். சுற்றி நின்று பார்ப்பவர்கள் பலர், வாங்குபவர்கள் சிலர். இவ்வளவு விலையுள்ள ஒரு தூசு உறிஞ்சி, வசதி படைத்த சிலருக்கான பொருள் என்ற எல்லையைத் தாண்ட முடியுமா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நிறுவனம் எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால், இந்த விலையில் அதன் தூசு உறிஞ்சி நம் நாட்டு வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வரப்போவதில்லை. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். ஏன் முரண் இல்லை என்பதை விளக்குகிறேன்.

பெரியம்மாவைத் தோற்கடித்த அதே பைதான் ஜேம்ஸ் டைசனையும் எரிச்சலூட்டியது. 1970ஆம் ஆண்டுகளின் இறுதியில், இங்கிலாந்தில் தம் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது இயந்திரம் சரியாக உறிஞ்சாததை அவர் கவனித்தார். பையைப் பிரித்துப் பார்த்தார். காற்று வெளியேற வேண்டிய நுண்துளைகளை மெல்லிய தூசு அடைத்திருந்தது. மர ஆலைகளில் மரத்தூளைப் பிரிப்பதற்குப் பெரிய கூம்பு ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அதனுள் காற்று வேகமாகச் சுழலும். எடையுள்ள துகள்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுக் கீழே விழும். காற்று மட்டும் மேலே போய்விடும். அதே முறையை ஒரு சிறிய இயந்திரத்துக்குள் கொண்டுவர அவர் முயன்றார். அதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. அவர் செய்து பார்த்த மாதிரிகளின் எண்ணிக்கை 5,127.

அந்தக் கண்டுபிடிப்பைப் பெரிய நிறுவனங்கள் விரும்பவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். இயந்திரம் ஒருமுறைதான் விற்கும். பை திரும்பத் திரும்ப விற்கும். பையில்லாத இயந்திரத்தைச் செய்து தங்கள் வருமானத்தைத் தாங்களே வெட்டிக்கொள்ள யார் முன்வருவார்கள்? கடைசியில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று ஒப்புக்கொண்டது. 1986இல் ‘ஜி-ஃபோர்ஸ்’ என்ற பெயரில் அங்கே வெளிவந்த இயந்திரம், சாதாரணத் தூசு உறிஞ்சியைவிடப் பல மடங்கு விலையுள்ளது. நண்பர்களுக்குக் காட்டிப் பெருமைப்படுவதற்கான பொருளாகவே அது விற்றது. குறுகிய சந்தை என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

1993இல் டைசன் தம் சொந்த நிறுவனத்தின் மூலம் ‘டிசி01’ என்ற இயந்திரத்தை பிரிட்டனில் விற்கத் தொடங்கினார். மற்ற இயந்திரங்களைவிட அதன் விலை அதிகம். அதோடு, தூசு சேரும் கலனை அவர் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்படி செய்திருந்தார். அழுக்கை யார் பார்க்க விரும்புவார்கள் என்று கடைக்காரர்கள் தயங்கினார்கள். டைசன் விடவில்லை. இரண்டே ஆண்டுகளுக்குள் பிரிட்டனில் மிக அதிகமாக விற்கும் தூசு உறிஞ்சி அதுவே ஆகிவிட்டது.

இந்த வெற்றிக்கு விளம்பரமும் அழகிய வடிவமும் காரணம் என்று பலர் கூறுவர். நான் அதற்கு இரண்டாம் இடமே தருவேன். பெரியம்மா வீட்டுக்கு வந்த விற்பனையாளரின் கறுப்புத் துணியை நினைத்துப் பாருங்கள். அந்தத் துணி ஒரு நாள் மட்டுமே வேலை செய்தது. அதுவும் விற்பவரின் கையில் இருந்தபோது. டைசனின் கலனோ ஒவ்வொரு முறையும், வாங்கியவரின் கண்முன்னே வேலை செய்தது. கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதைச் சுத்தம் செய்து முடித்த ஒவ்வொரு நாளும் பார்க்கலாம். மேலும், பைக்காக மீண்டும் மீண்டும் செலவழிக்க வேண்டியதில்லை. மக்கள் ஏற்கெனவே பட்டுக்கொண்டிருந்த ஒரு தொல்லையை அது நீக்கியது. விலை கூடிய பொருள் சாதாரண வீடுகளுக்குள் நுழைய முடிந்ததற்கு முதன்மையான காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

பிரிட்டனுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அங்குள்ள வீடுகளில் சுவர் முதல் சுவர் வரை கம்பளம் விரித்திருப்பது வழக்கம். கம்பளத்தை விளக்குமாற்றால் பெருக்கி மாளாது. அங்கே தூசு உறிஞ்சி வாங்குவதா வேண்டாமா என்பது கேள்வியே அல்ல. எதை வாங்குவது என்பதே கேள்வி. அதனால் டைசனுக்கு ஒரு புதிய பழக்கத்தைக் கற்பிக்கும் வேலை இருக்கவில்லை.

வெற்றி வந்தால் போட்டியும் வரும். ஹூவர் நிறுவனம் தம் காப்புரிமையை மீறியதாக டைசன் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு இங்கிலாந்து நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால், காப்புரிமையின் ஆயுள் பொதுவாக 20 ஆண்டுகள்தான். அதற்குப் பிறகு அந்த நுட்பம் எல்லாருக்கும் பொதுவாகிவிடும். இன்று இணையச் சந்தையில் தேடினால், சில நூறு ரிங்கிட்டுக்கே பையும் இல்லாத, கம்பியும் இல்லாத தூசு உறிஞ்சிகள் கிடைக்கின்றன. எல்லாம் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், பையின் தொல்லை இப்போது யாருக்கும் இல்லை. தீர்ந்துபோன தொல்லைக்காக யாரும் கூடுதல் விலை கொடுக்கமாட்டார்கள்.

டைசன் நிறுவனம் இதை உணர்ந்திருந்தது என்றே தோன்றுகிறது. தூசு உறிஞ்சியை மட்டும் நம்பியிராமல் வேறு பொருள்களிலும் அது இறங்கியது. எல்லாம் கைகூடவில்லை. 2000இல், எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு உருளைகள் கொண்ட சலவை இயந்திரத்தை வெளியிட்டது. கையால் துவைப்பதுபோல் துணியை அலசும் என்றது. செய்வதற்கு ஆகும் செலவு மிகுதியாக இருந்ததால் சில ஆண்டுகளிலேயே அதை நிறுத்த நேர்ந்தது. 2017இல் மின்சாரக் கார் தயாரிக்கப்போவதாக அறிவித்தது. சிங்கப்பூரில் அதற்கான தொழிற்சாலை அமைக்கத் திட்டமிட்டிருந்தது. 2019 அக்டோபரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. செலவை ஈடுகட்ட வேண்டுமானால் ஒரு காரை 150,000 பவுண்டுக்கு விற்க வேண்டியிருந்திருக்கும் என்று டைசனே பின்னர் கூறினார். அவ்வளவு பணம் இருப்பவர் எத்தனை பேர்?

கைகூடியது முடி உலர்த்தி. தூசு உறிஞ்சிக்காக உருவாக்கிய சிறிய, வேகமான மோட்டாரைப் போன்ற ஒன்றை அதன் கைப்பிடிக்குள்ளேயே அடக்கி, 2016இல் வெளியிட்டார்கள். அது நிமிடத்துக்கு 110,000 முறை வரை சுழலக்கூடியது. அதன் பிறகு, தூசு உறிஞ்சியைப் பற்றிக் கவலையே படாத இளம் வயதினர்கூட அந்நிறுவனத்தின் பெயரை உச்சரிக்கத் தொடங்கினார்கள். 2023இல் நிறுவனத்தின் விற்பனை வருமானம் 7.1 பில்லியன் பவுண்டு. மறு ஆண்டு அது 6.6 பில்லியனாகக் குறைந்தது. குறைந்தாலும், சிறு கூட்டத்துக்கு மட்டும் விற்கும் நிறுவனத்தின் கணக்கு அல்ல இது. நிறுவனம் எல்லையைத் தாண்டிவிட்டது என்று நான் சொன்னது இதனால்தான். ஆனால், தரையை விட்டுத் தலைமுடிக்கு ஏறித்தான் அது தாண்டியது!

இனி நம் வீட்டுக்கு வருவோம். டைசனின் கதையில் நம் வட்டாரத்துக்கும் பங்குண்டு. 2002இல் தூசு உறிஞ்சித் தயாரிப்பை அந்நிறுவனம் இங்கிலாந்திலிருந்து மலேசியாவுக்கு மாற்றியது. அங்கே ஏறத்தாழ 800 பேர் வேலை இழந்தனர். இங்கே ஜொகூரில் பலருக்கு வேலை கிடைத்தது. 2019இல் தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஹார்பர்ஃபிரண்ட் பகுதியிலுள்ள பழைய செயிண்ட் ஜேம்ஸ் மின்நிலையக் கட்டடத்தில் 2022 முதல் அது இயங்குகிறது. ஆனாலும், பக்கத்து ஊரில் பூட்டிய பொருள் என்பதால் நமக்கு விலை குறைந்துவிடவில்லை. 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. உயர்ரகக் கம்பியில்லாத் தூசு உறிஞ்சி ஒன்றின் விலை அதைத் தாண்டுகிறது.

விலை மட்டும் தடை என்று நான் கருதவில்லை. நம் வீடுகளின் தரை பெரும்பாலும் ஓடு பதித்த தரை. காலையில் பெருக்குகிறோம், பிறகு தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்கிறோம். வெறுங்காலோடு நடக்கும் நமக்கு, கால் பட்டால் குளிர்ச்சியாக இருக்கும் தரைதான் சுத்தமான தரை. தூசு உறிஞ்சி எவ்வளவுதான் நுண்ணிய தூசை எடுத்தாலும், அதன் பிறகும் துடைக்கத்தானே வேண்டும்? பாதி வேலைக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கக் குடும்பங்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

ரைஸ் குக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955இல் தானியங்கி ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதுவும் புதுமைப் பொருள்தான். இன்று அது இல்லாத சமையலறை நம் நாட்டில் அரிது. தினமும் செய்யும் வேலையை அது முழுமையாக ஏற்றுக்கொண்டது. அடுப்பருகே நிற்பதிலிருந்து ஆளை விடுவித்தது. விலையும் காலப்போக்கில் எல்லாருக்கும் எட்டியது. இந்த மூன்றில் விலையுயர்ந்த தூசு உறிஞ்சி எதையும் இன்னும் நம் வீடுகளில் செய்யவில்லை. டைசன் நிறுவனமும் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்க வேண்டும். 2024இல் தரையை ஈரமாகத் துடைப்பதற்கென்றே ஓர் இயந்திரத்தை அது வெளியிட்டது.

“கைப்பேசிக்கு இதைவிட அதிகம் செலவழிக்கிறோமே, பணம் இல்லை என்பது சாக்கு அல்லவா?” என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. கைப்பேசி நாள் முழுவதும் கையில் இருக்கிறது. வேலைக்கும் படிப்புக்கும் உதவுகிறது. நாலு பேர் பார்க்கவும் செய்கிறார்கள். தூசு உறிஞ்சி கதவுக்குப் பின்னால் இருக்கும் பொருள். (சில வீடுகளில் அதைக் குடும்பப் படத்துக்குப் பக்கத்தில், வரவேற்பறைச் சுவரிலேயே மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை!) ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீடு, குனிய முடியாத முதியவர் தனியாக வாழும் வீடு, பூனை வளர்க்கும் வீடு ஆகியவற்றை நான் மறக்கவில்லை. அங்கெல்லாம் அது ஆடம்பரம் அல்ல. ஆனால், அப்படிப்பட்ட வீடுகளுக்கும் விலை குறைந்த இயந்திரமே போதுமா என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

என் கருத்து மாற வேண்டுமானால் அந்த நிறுவனங்கள் ஒன்றைச் செய்ய வேண்டும். புதிய விளக்கும் திரையும் சேர்ப்பதைவிட, பொருளின் ஆயுளைக் கூட்ட வேண்டும். கம்பியில்லாத இயந்திரத்தின் உயிர் அதன் மின்கலத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளில் அது வலுவிழக்கும். அப்போது புதிய மின்கலம் மலிவாகவும் எளிதாகவும் கிடைத்தால், பத்து ஆண்டு உழைக்கும் பொருள் என்று நம்பிப் பணம் போடலாம். கிடைக்காவிட்டால், அன்று காகிதப் பை செய்த வேலையை இன்று மின்கலம் செய்யும்.

சென்ற மாதம் பெரியம்மாவின் மகள் கைப்பேசியில் அழைத்தார். ஆண்டிறுதி மலிவு விற்பனையில் ஒரு டைசன் வாங்கலாமா என்று யோசிப்பதாகக் கூறினார். வட்டியில்லாத் தவணையாம், 12 மாதமாம். “அக்கா, வீட்டில் கம்பளம் இருக்கிறதா?” என்று கேட்டேன். இல்லை என்றார். “சரி, கடைக்குப் போனால் இயந்திரத்தின் விலையைக் கேட்பதற்கு முன் மின்கலத்தின் விலையைக் கேளுங்கள், பழுதானால் கிள்ளானிலேயே பார்ப்பார்களா என்றும் கேளுங்கள்” என்றேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “அம்மாவின் சாமான் அறையை நினைத்துத்தானே சொல்கிறாய்?” என்று கேட்டு அவர் சிரித்தார்.