மருந்தா, சந்தையா? அமெரிக்க முதியோர் எழுதும் ஆண்டுத் தேர்வு

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அமெரிக்க முதியோர் ஒரு தேர்வு எழுத வேண்டியுள்ளது. அடுத்த ஆண்டு மருந்துச் செலவுக்கு எந்தத் தனியார் நிறுவனத்தின் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பது என்பதை இந்நாட்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். வாளாவிருந்தால் பழைய திட்டமே, நிறுவனம் மாற்றிய நிபந்தனைகளுடன் தொடரும்.

1965இல் உருவான ‘மெடிகேர்’, 65 வயதைக் கடந்தோருக்கான அரசுக் காப்பீடு. மருத்துவமனைச் செலவு அதில் அடங்கியது. வீட்டில் உட்கொள்ளும் மருந்துகள் அடங்கவில்லை. இக்குறையைப் போக்குவதாகக் கூறி 2003இல் புஷ் ஆட்சி நிறைவேற்றிய சட்டம், 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. செலவில் பெரும்பகுதி அரசுடையது. வழங்கும் உரிமையோ தனியாருக்கு மட்டுமே. மருந்து விலை குறித்து அரசு பேரம் பேசக் கூடாது என்றும் அச்சட்டம் தடை விதித்தது. அதே நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறை பேரம் பேசியே மருந்து வாங்கி வருகிறது! சட்டத்தை நிறைவேற்றுவதில் முக்கியப் பங்காற்றிய பில்லி டவுசின், 2005இல் மருந்து நிறுவனங்களின் சங்கத் தலைவராகப் பொறுப்பேற்றார். இதற்கு விளக்கம் தேவையில்லை.

மாதத் தவணை குறைவான திட்டமே மலிவானது என நம்பும் முதியவர் ஏமாறுவார். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மருந்துப் பட்டியல், தனி விலைப் படிநிலை, தனி மருந்துக்கடைகள். உட்கொள்ளும் மருந்துகளையும் அளவையும் எழுதி வைத்து, தவணையோடு கைக்காசையும் கூட்டி ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால்தான் உண்மைச் செலவு தெரியும். மாநிலந்தோறும் பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் தன்னார்வலர்களும் இக்கணக்கைக் கட்டணமின்றிப் போட்டுத் தருகின்றனர். பாராட்டத்தக்க பணி. ஆனால், நோயாளிக்குக் கணக்காளர் தேவைப்படும் ஏற்பாடு யாருக்காக? மருந்துக் காப்பீடு இன்றி 24 மாதம் கழித்துச் சேர்பவர், அடிப்படைத் தவணையில் 24 சதவீதத்தைப் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அபராதமாகச் செலுத்த வேண்டும்.

2022ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கோட்டையில் ஒரு விரிசலை ஏற்படுத்தியது. இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் என்ற வரம்பு வந்தது. 2025இல் முதியோரின் ஆண்டு மருந்துச் செலவுக்கு 2,000 டாலர் உச்சவரம்பானது. அரசு பேசி முடித்த 10 மருந்துகளின் விலை 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நிறுவனங்கள் நீதிமன்றங்களுக்கு ஓடின. அரசு விலை பேசினால் விலை குறையும் என்பதை அவை நன்கறியும்.

இந்தியாவிலும் காப்பீடே மருத்துவக் கொள்கையாக முன்னிறுத்தப்படுகிறது. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் 5 லட்சம் ரூபாய் என 2024இல் ஒன்றிய அரசு விரிவுபடுத்திய ஆயுஷ்மான் திட்டம், உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைகள் முதியவரின் சொந்தச் செலவே. ஐடிபிஎல் போன்ற பொதுத்துறை மருந்து நிறுவனங்களை நலிவடையச் செய்துவிட்டு, காப்பீட்டு அட்டையைக் காட்டிப் பயனில்லை. பொதுத்துறை மருந்து உற்பத்தி, கறாரான விலைக் கட்டுப்பாடு, அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து ஆகிய கோரிக்கைகளை மக்களிடம் வலுவாகக் கொண்டு செல்வதே இன்றைய கடமை.