கடைசித் துளியின் கணக்கு

எடின்பரோ மருத்துவர் பிரான்சிஸ் ஹோம், துணி வெளுப்பவர்கள் வாங்கும் சாம்பல் உப்பில் கலப்படம் இருக்கிறதா என்று அறிய 1756இல் ஒரு வழி சொன்னார். உப்பின்மேல் நைட்ரிக் அமிலத்தைக் கரண்டி கரண்டியாக விட வேண்டும். நுரை அடங்கியதும் நிறுத்தி, எத்தனை கரண்டி ஆனது என்று எண்ண வேண்டும். வியாபாரத்துக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் நுரை சட்டென்று நிற்பதில்லை, தேய்ந்து தேய்ந்துதான் அடங்கும். எது கடைசிக் குமிழி என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இப்படி ஒரு கரைசலை அளந்து விட்டு இன்னொன்றின் அளவை அறியும் தரம்பார்த்தலின் (டைட்ரேஷன்) வரலாறு முழுக்க இந்தச் சிக்கல்தான். எங்கே நிறுத்துவது?

வெள்ளி நாணயத்தில் இந்தக் கேள்வி அரசாங்கக் கஜானாவைத் தொட்டது. பல நூற்றாண்டுகளாக வெள்ளியைப் புடமிட்டே மாற்றுப் பார்த்தார்கள். ஈயத்தோடு சேர்த்து எலும்புச் சாம்பல் மூசையில் உருக்கினால் வெள்ளியில் கலந்த செம்பை மூசை உறிஞ்சிக்கொள்ளும். கூடவே கொஞ்சம் வெள்ளியும் போய்விடும் என்பதால் கணக்கு எப்போதும் குறைத்தே காட்டியது. இதற்கு மாற்றாக பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் 1832இல் ஒரு முறையை வெளியிட்டார். 100 மில்லிலிட்டர் விட்டால் சரியாக 1 கிராம் வெள்ளியைப் படியவைக்கும் உப்புக் கரைசலைத் தயாரித்தார். அமிலத்தில் கரைத்த வெள்ளியோடு அதைச் சேர்த்து, புட்டியை மூடி வேகமாகக் குலுக்கினால், வெள்ளி குளோரைடு தயிர்போலத் திரண்டு அடியில் தங்கும், மேல்நீர் தெளியும். பிறகு பத்தில் ஒரு பங்கு செறிவுள்ள கரைசலை ஒவ்வொரு மில்லிலிட்டராக விட வேண்டும். நீர் கலங்கினால் இன்னும் வெள்ளி பாக்கி, கலங்காவிட்டால் வேலை முடிந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வெள்ளி என்று கணக்கு.

இவ்வளவு நுட்பமான முறையிலும் ஓட்டை இருந்தது. முடிவை நெருங்கிய தெளிந்த நீரில் உப்பை விட்டாலும் கலங்குகிறது, வெள்ளிக் கரைசலை விட்டாலும் கலங்குகிறது என்று நெதர்லாந்து வேதியியலாளர் முல்டர் 1859இல் விளக்கினார். வெள்ளி குளோரைடும் மிகச் சிறிதளவு நீரில் கரையும், அதுவே காரணம். கண்ணுக்குத் தெரிந்த முடிவும் கரைசலுக்குள் நடந்த முடிவும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அமிலத்தையும் காரத்தையும் தரம்பார்க்கும்போதும் இதே சிக்கல்தான். அங்கே முடிவை நிறமாற்றத்தால் காட்டும் நிறங்காட்டிகளாக பீனால்ப்தலீன் 1877இலும் மெத்தில் ஆரஞ்சு 1878இலும் வந்தன. அவையும் வலிமை குறைந்த அமிலமோ காரமோதான் என்று 1894இல் வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் விளக்கிய பிறகே, எதற்கு எதைப் பயன்படுத்துவது என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. 25 மில்லிலிட்டர் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடை விடும்போது, முடிவுக்கு ஒரு துளி முன்பு பிஎச் சுமார் 4, ஒரு துளி பின்பு சுமார் 10. அங்கே இரண்டு நிறங்காட்டிகளும் கைகொடுக்கும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கு மெத்தில் ஆரஞ்சைப் போட்டாலோ, பாதி அமிலம்கூட நடுநிலையாகாதபோதே நிறம் மாறிவிடும். எத்தனை கூர்மையான கண்ணும் அந்தப் பிழையைத் திருத்தாது.

லைப்சிக்கில் ராபர்ட் பேரென்ட் 1893இலேயே நிறத்தை விட்டுவிட்டு மின்னழுத்தத்தைக் கொண்டு முடிவைக் கண்டார். இன்றைய தானியங்கிக் கருவிகள் அந்த வழியில் வந்தவை. அவற்றுக்குச் சோர்வு கிடையாது, நிறக்குருடும் கிடையாது. ஆனால் மின்முனையைச் சரிபார்க்காமல் விட்டால், தவறான விடையைக்கூட மூன்று தசமத் துல்லியத்தோடு அச்சிட்டுத் தரும்.

துல்லியம் கண்ணாலோ கருவியாலோ மட்டும் வந்துவிடவில்லை. நாம் பார்க்கும் அடையாளம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று புரிந்தபோதுதான் வந்தது. செய்முறைத் தேர்வில் "ரீடிங் ஒத்துவந்ததா?" என்று கேட்கும் ஆசிரியர்கள், "ஏன் இந்த நிறங்காட்டி?" என்றும் கேட்கட்டும். அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் வைக்கட்டும்.