தேடாமல் கிடைத்த பொம்மைகள்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் பொம்மைக் கடை என்பது வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கிடைக்கிற சமாச்சாரம். இப்போது போனைத் திறந்தால் கடையே உள்ளங்கையில் இருக்கிறது. "நல்லதுதானே தம்பி, இதிலே வருத்தப்பட என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் கடை போனுக்குள் போனபோது ஒரு சரக்கு மட்டும் கூடவே வரவில்லை. அதுதான் ஆச்சரியம். (பி.காம் படிக்கிறவனுக்கு எல்லாமே சரக்காகத்தான் தெரியும், கண்டுக்காதீங்க :-))

திருவண்ணாமலையில் பொம்மை வாங்க எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, கார்த்திகை தீபத் திருவிழா. கொடியேற்றத்தில் தொடங்கிப் பத்தாம் நாள் மலை உச்சியில் மகாதீபம் ஏற்றும் வரை கோயிலைச் சுற்றிய தெருக்களில் எங்கு பார்த்தாலும் கடைகள்தான். வளையல், பாத்திரம், பொரி, நடுவே பொம்மை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் தார்ப்பாயை விரித்துக் கடை போட்டுவிடுவார்கள். பெரியவர்கள் லிங்கம் லிங்கமாகக் கும்பிட்டுக்கொண்டு போவார்கள். நாங்கள் தார்ப்பாய் தார்ப்பாயாகக் கும்பிட்டுக்கொண்டு போவோம்.

இன்னொன்று, தேரடி வீதிப் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர்கள். பொட்டு, ஹேர்பின், பிறந்தநாள் தொப்பி எல்லாவற்றுக்கும் மேலே கயிற்றில் அட்டை அட்டையாகப் பொம்மைகள் தொங்கும். கொக்கி வைத்த கம்பால் அண்ணன் ஒன்றை இறக்கும்வரை அது என்ன என்று சரியாகத் தெரியாது. கீழே நின்று பார்த்தால் ஒரு கால் தெரியும், ஒரு கத்தி தெரியும். மீதியை நாம்தான் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டும்.

இந்த "தெரியாது"தான் என் கட்டுரையே.

நான் சின்னப் பையனாக இருந்தபோது சுட்டி டிவியில் ஜாக்கி சான் தமிழ் பேசினார். பக்கத்துச் சேனல்களில் பென் 10 ஓடியது, சோட்டா பீம் லட்டு சாப்பிட்டார். அந்தப் பொம்மைகளை எதிர்பார்த்துத்தான் கடைக்குப் போவோம். அங்கே தொங்குவது வேறு ஏதாவதாக இருக்கும். ஸ்பைடர்மேன் முகம், உடம்பு முழுக்கப் பச்சை, முதுகில் பேட்மேன் அங்கி, கையில் எந்த டிவியிலும் வராத ஒரு கோடாலி. கம்பெனி சரக்கு இல்லை என்பது குழந்தைக்கே தெரியும். அதனால் என்ன? எங்கள் தெருவில் அவனுக்கு "பாசி மேன்" என்று பெயர் வைத்தோம். அய்யங்குளத்துக்குள் வசிப்பவன், ராத்திரியானால் மலை மேல் ஏறிக் காவல் காப்பவன் என்று கதையும் கட்டினோம். அசல் ஸ்பைடர்மேனுக்கு அவர்கள் எழுதிய கதை இருந்தது. பாசி மேனுக்கு எங்களைத் தவிர நாதியில்லை. வீட்டில் அதிக நாள் உயிரோடு இருந்தவன் அவன்தான்.

இந்த வகைப் பொம்மைகளின் பிறப்பே ஒரு வியாபாரத் தந்திரம் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. 1959-ல் பார்பி வந்து சக்கைப் போடு போட்டது. பையன்களுக்கும் அப்படி ஒன்று விற்க வேண்டும், ஆனால் "டால்" என்றால் எந்த அப்பா வாங்கிக் கொடுப்பார்? 1964-ல் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய் பொம்மையைக் கொண்டுவந்தபோது அதற்கு "ஆக்‌ஷன் ஃபிகர்" என்று பெயர் சூட்டியது. பெயரை மாற்றியதும் அப்பாமார்கள் பர்ஸைத் திறந்தார்கள். மார்க்கெட்டிங் பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. 1982-ல் அதே ஜோ விரல் நீளத்துக்குச் சுருங்கி, ஒரு பெரிய படையாகவே திரும்பி வந்தார்.

நம் ஊருக்கு அவரைக் கொண்டுவந்தது ஃபன்ஸ்கூல். 1987-ல் எம்.ஆர்.எஃப்-பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. தொழிற்சாலைகள் கோவாவில் இருக்கின்றன, நம் பக்கத்து ராணிப்பேட்டையிலும் ஒன்று இருக்கிறது. அவர்கள் இங்கே செய்த ஜி.ஐ. ஜோக்களில் பல, அமெரிக்காவில் வந்தவற்றிலிருந்து நிறத்தில் வித்தியாசமாக இருந்தன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று அந்த இந்திய ஜோக்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். பார்த்தீர்களா, அதிகாரபூர்வமான கம்பெனிப் பொம்மையிலேயே எதிர்பாராத நிறத்துக்குத்தான் மவுசு. பாசி மேன் தலை நிமிரலாம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆன்லைனில் லட்சக்கணக்கான பொம்மைகள் இருக்கும்போது ஆச்சரியம் எப்படிக் குறையும்?

ஆன்லைன் கடையின் வாசலில் ஒரு தேடல் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு பெயரைப் போட வேண்டும். பெயர் தெரிந்த பொம்மையைத்தான் தேட முடியும். "பச்சையா இருக்கும், கோடாலி வச்சிருக்கும், யாருன்னு தெரியாது" என்று தேடினால் செடி வெட்டுகிற கத்தரி வரும். தேடாமலே அது காட்டுகிறவை, ஏற்கெனவே நீங்கள் பார்த்ததை ஒட்டியோ மற்றவர்கள் வாங்கியதை ஒட்டியோ இருக்கும். டைனோசரைப் பார்த்த பிள்ளைக்கு மேலும் டைனோசர். ஃபேன்ஸி ஸ்டோர் அண்ணனுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாரிமுனையிலோ சௌகார்பேட்டையிலோ மொத்தமாகக் கிடைத்ததை வாங்கி வந்து தொங்கவிட்டார். அந்த அறியாமைதான் நமக்கு லாபம்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். கடையில் பொம்மையோடு சும்மா கிடைத்துக்கொண்டிருந்த ஆச்சரியத்தை இப்போது தனியாக விலை போட்டு விற்கிறார்கள். கிண்டர் ஜாயை எத்தனை பிள்ளைகள் சாக்லேட்டுக்காக வாங்குகிறார்கள்? 2025-ல் உலகமே லபூபு லபூபு என்று அலைந்ததே, அந்தப் பல்லிளிக்கும் பொம்மையைச் சீனாவின் பாப் மார்ட் கம்பெனி பெரும்பாலும் மூடிய பெட்டியில்தான் விற்கிறது. உள்ளே எந்த நிறம் என்பது பிரித்தால்தான் தெரியும். கேட்டது வராவிட்டால் இன்னொரு பெட்டி வாங்கு. கயிற்றில் தொங்கிய பொம்மை நம்மைக் கவரும், ஆனால் கண்ணால் பார்த்து, பிடித்தால்தான் காசு. மூடிய பெட்டியில் காசு முதலில், பார்ப்பது பிறகு. இரண்டையும் ஆச்சரியம் என்றே சொன்னாலும் ஒன்று கடை, மற்றது லாட்டரி.

அந்தக் கால ஃபேன்ஸி ஸ்டோர் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. பல பொம்மைகளின் பெயிண்ட் கையோடு வந்துவிடும். அதில் என்ன கலந்திருந்ததோ, நாங்கள் வாயில் வைத்துக் கடித்திருக்கிறோம். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம் ஆனதைக் குறை சொல்ல மனசு வரவில்லை. இறக்குமதி வரியும் 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. மலிவான சீனப் பொம்மைகள் சுலபமாக வந்து குவிந்த காலம் முடிந்தது. நல்ல சட்டத்துக்கும் ஒரு செலவு உண்டு என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்: பத்து தினுசு வாங்கித் தொங்கவிட்ட சின்னக் கடைக்காரர், நிச்சயம் விற்கும் மூன்று தினுசோடு நிறுத்திக்கொள்ளவே பார்ப்பார். விற்காமல் தூசி படியும் பொம்மை அவருக்கு முடங்கிய முதல். ஒரு பிள்ளைக்கு அதே பொம்மைதான் பொக்கிஷம். இந்த இரண்டு கணக்கையும் டேலி ஆக்க எந்தப் பேரேட்டிலும் வழியில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளை வந்து நின்றால் அண்ணனின் கம்பு தானாகவே பார்பி பக்கம் போகும். என் அத்தை மகளுக்குக் கோடாலி பொம்மைதான் வேண்டும் என்று புரியவைக்கவே ஐந்து நிமிடம் ஆகும். ஆன்லைனில் அந்தத் தொல்லை இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

பெரிய கடைகள் பிழைத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். உலகின் மிகப் பெரிய பொம்மைக் கடைகளில் ஒன்றான டாய்ஸ் ஆர் அஸ் 2017-ல் திவால் மனு கொடுத்து, 2018-ல் அமெரிக்காவில் இருந்த தன் கடைகளை மூடியது. கடன் சுமை முக்கியக் காரணம், ஆன்லைன் போட்டி அடுத்தது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் தேரடி வீதி அண்ணன் எம்மாத்திரம்?

அதனால் என் கோரிக்கை சின்னது. ஆன்லைனில் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அடுத்த தீபத்துக்கு வரும்போது பிள்ளையின் கையில் ஐம்பதோ நூறோ கொடுத்து ஒரு பொம்மைக் கடை முன்னால் நிறுத்துங்கள். "அது வேண்டாம், இது வாங்கு" என்று சொல்லாதீர்கள். முத்திரை இருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள். மீதியை அது பார்த்துக்கொள்ளும். முக்கால் மணி நேரம் ஆகும், கால் வலிக்கும். கிரிவலம் 14 கிலோமீட்டர் நடக்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்ன?