அடங்கும் ஒளி சொல்லும் கணக்கு

குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் செந்நிறமாகப் பொங்கினால், மலைமேல் பெய்த மழையைக் அருகிலுள்ள குத்துக்கல்வலசைக்காரர் யாரும் ஏறிப்போய்ப் பார்க்க வேண்டியதில்லை. தண்ணீரின் நிறமும் அது வடியும் வேகமும் ஒரே மழையின் விளைவுகள் என்பதால் ஒன்றுக்கொன்று சாட்சி. காமாக் கதிர் வெடிப்புகளைப் பற்றிய கோட்பாடுகளும் இப்படித்தான் சோதிக்கப்படுகின்றன.

பெருவிண்மீன் ஒன்று தன்னுள் சரியும்போது, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பொருள் பீறிட்டுப் பாய்கிறது. அப்போது வெளிப்படும் காமாக் கதிர்கள் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ ஓய்ந்துவிடும். பாய்ந்த பொருளோ சுற்றியுள்ள வாயுவில் மோதி அதிர்வலையை எழுப்புகிறது. அதில் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ஒளிர்கின்றன. எக்ஸ் கதிரிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ரேடியோ அலையிலும் மெல்ல மங்கும் இந்தப் பின்னொளிர்வு, 1997 பிப்ரவரி 28 அன்று நிகழ்ந்த வெடிப்பில்தான் முதன்முதலாகப் பிடிபட்டது.

மறு ஆண்டே ரீம் சாரி, ஸ்வி பிரான், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்த ரமேஷ் நாராயண் ஆகிய மூவரும் பின்னொளிர்வுக்கான கணக்கை வகுத்தார்கள். அதன் வலிமை அதன் கண்டிப்பில் இருக்கிறது. ஒளியின் செறிவு அலைவரிசைக்கு ஏற்பக் குறைவதும், நாளாக நாளாகக் குறைவதும் எலெக்ட்ரான்களிடையே ஆற்றல் பகிரப்பட்டிருக்கும் ஒரே விதத்தைச் சார்ந்தவை. சுற்றுவாயு எங்கும் ஒரே அடர்த்தியில் இருந்தால், குறிப்பிட்ட ஓர் அலைவரிசைப் பகுதியில், நாளாகக் குறைவதைக் காட்டும் காலச் சரிவின் எண், அலைவரிசைக்கு ஏற்பக் குறைவதைக் காட்டும் நிறமாலைச் சரிவின் எண்ணைப்போல் ஒன்றரை மடங்காக இருந்தாக வேண்டும். இரண்டையும் தனித்தனியே அளக்கலாம். பொருந்தாவிட்டால் கோட்பாட்டின் ஏதோ ஓர் அனுமானம் தவறு.

2019 ஜனவரி 14 அன்று பதிவான ஜிஆர்பி 190114சி என்ற வெடிப்பு அப்படியொரு சோதனையாக அமைந்தது. அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆயின. லா பால்மா தீவின் மேஜிக் தொலைநோக்கிகள் அதிலிருந்து மிக உயர் ஆற்றல் கதிர்களைப் பதிவு செய்தன. புனே அருகே 30 பெரிய அலைவாங்கிகளுடன் நிற்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி, ஆற்றலின் எதிர்முனையில், குறைந்த அலைவரிசை ரேடியோவில் அதைத் தொடர்ந்து கவனித்தது. நைனிடால் ஏரீஸ் நிறுவனத்தின் குந்தல் மிஸ்ரா, திருவனந்தபுரத்தின் எல். ரெஸ்மி உள்ளிட்ட குழு அனைத்துத் தரவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. பழைய கணக்கு அப்படியே பொருந்தவில்லை. அதிர்வலையின் ஆற்றலில் காந்தப்புலத்துக்கும் எலெக்ட்ரான்களுக்கும் போகும் பங்குகள் மாறாதவை என்பது வழக்கமான அனுமானம். அவை காலத்தோடு மாறுகின்றன என்று கொண்டால்தான் அளவீடுகள் விளங்கின. 2021இல் முடிவு வெளியானது.

கோட்பாடு வீழ்ந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அதிர்வலை, சுழலும் எலெக்ட்ரான்கள் என்ற அடிப்படை நிற்கிறது. எளிமைக்காகச் சேர்த்த ஓர் அனுமானமே ஆட்டம் கண்டது. ஆனால் எச்சரிக்கையும் தேவை. மாறும் எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் எந்தத் தரவையும் பொருத்திக்காட்டிவிடலாம். ஆகவே இந்தத் திருத்தமும் வேறு வெடிப்புகளில் சோதிக்கப்பட வேண்டும். தான் எங்கே தோற்கக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லும் விளக்கத்தைத்தான் நம் பிள்ளைகளுக்கு அறிவியல் என்று கற்றுக்கொடுக்க வேண்டும்.