முதலில் பரணைப் பாருங்கள்

இந்த வாரம் என்னைக் கோபப்படுத்தியது ஒரு கடை பில். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர், தன் அம்மா பாடும் நலங்குப் பாட்டுகளை வீட்டுக் கணினியில் பதிவு செய்ய ஆசைப்பட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். கண்டென்சர் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், சுவரில் ஒட்டும் ஃபோம், ஆண்டுச் சந்தா கட்டும் மென்பொருள் என எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். எந்த அறையில் பாடுவார், ஜன்னல் எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பதிவைக் கேட்டேன். பாட்டைவிட மின்விசிறியும் பஸ் ஹாரனும் தெளிவாக இருந்தன. 48 வோல்ட் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் கண்டென்சர் மைக், மெல்லிய ஒலியையும் விடாமல் பிடிக்கும். சத்தம் நுழையாத ஸ்டுடியோவில் அது வரம், சாலையோர வீட்டில் தொல்லை. இந்த வீட்டுக்கு டைனமிக் மைக் போதும். வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தால் குரல் முன்னால் வரும், தெருச் சத்தம் பின்னால் போகும். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் இன்றும் மேடைகளில் நிற்பது இதனால்தான். ஒருவர் குரலைப் பதிய மென்பொருளுக்குக் காசே வேண்டாம். 2000-இல் வெளிவந்த ஒடாசிட்டி இன்றும் இலவசம். ஆப்பிள் கணினி என்றால் கராஜ்பேண்ட் இருக்கிறது.

இதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அம்மா நல்ல குரல்ல இருந்தப்போ பாடின கேசட் பரண் மேல கெடக்கு சார்" என்றார். மைக் பேச்சு அத்தோடு முடிந்தது.

கேசட்டைப் பற்றி இந்தப் பத்தியில் பலமுறை எழுதிவிட்டேன். மறுபடியும் எழுதுகிறேன், ஏனென்றால் நாள் குறைந்துகொண்டே வருகிறது. ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பட்டை பசை விட்டு விழுகிறது. கேசட் டெக்குகளின் ரப்பர் பெல்ட் இளகுகிறது, அதை மாற்றத் தெரிந்த மெக்கானிக்குகள் கடையை மூடுகிறார்கள்.

செய்ய வேண்டியது கடினமில்லை. நல்ல நிலையில் ஒரு டெக்கைத் தேடிப் பிடியுங்கள். யுஎஸ்பி-யில் செருகும் மலிவான கேசட் பெட்டி வேண்டாம், அதில் நாடா சீரான வேகத்தில் ஓடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்து ஹெட்டைத் துடையுங்கள். கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டுங்கள். குரல் மங்கலாக இருந்தால் ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகை மெல்லத் திருப்புங்கள், உச்ச ஒலிகள் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் இன்னுக்கு வயர் கொடுங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் ஸ்டீரியோ போய்விடும், இரைச்சலும் சேரும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. அதற்கு மேல் வேண்டாம்: 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 24 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அடங்கும், மனிதக் காது கேட்பது 20 வரைதான். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம், வெட்டுப்பட்ட டிஜிட்டல் ஒலியை முழுதாக மீட்க முடியாது. ஒரு மணி நேரக் கேசட் ஏறத்தாழ 1 ஜிபி. ஒரு டிபி டிஸ்க்கில் ஒரு பரம்பரையின் குரலே அடங்கிவிடும். அப்படியிருக்க, எம்பி3-ஆக மட்டும் மாற்றிக்கொடுத்துவிட்டு "கேசட்டை இனித் தூக்கிப் போடலாம்" என்று சொல்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. எம்பி3 ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது, கழித்தது திரும்பி வராது. இரைச்சலை நீக்குகிறேன் என்று மூல வேவ் கோப்பிலும் கைவைக்காதீர்கள். நகல் எடுத்து அதில் செய்யுங்கள்.

கையில் இருக்கும் பணத்தில் முதல் செலவு டெக்கைப் பழுது பார்க்க, அடுத்தது லைன் இன் உள்ள ஒரு சாதாரண இன்டர்ஃபேஸுக்கு. மைக்கை அடுத்த மாதம் வாங்கலாம், அது கடையில் கிடைக்கும். உங்கள் வீட்டுக் கேசட் எந்தக் கடையிலும் கிடைக்காது.